தென்னந்தோப்புல அடி வாங்குன கார்: எந்த பேனலை பெயின்ட் போகாம எடுத்தோம், எதை மாத்தினோம்

பின்னணி

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்புல நடந்தது. வண்டி ஒரு காம்பேக்ட் எஸ்யூவி, 1.2 லிட்டர் பெட்ரோல், சில்வர் மெட்டாலிக் கலர், வாங்கி நாலரை வருஷம் ஆயிருந்துச்சு, ஒரே ஓனர். ஓனர் அம்பது தாண்டுன தோப்புக்காரரு. பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து ஆடில எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அன்னைக்கு வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்ததால ஷெட்டுல அவங்க வண்டி நின்னுச்சு, இவரு வண்டிய களத்து ஓரமா மரத்தடில விட்டுட்டாரு. அந்த வரிசைல தேங்கா வெட்டு தள்ளிப்போயி முத்துன காய் மரத்துலயே நின்னிருக்கு. ராத்திரி காத்துல ரெண்டு காயும் ஒரு பச்சை மட்டையும் வண்டி மேல உளுந்திருச்சு.

உரிக்காத முத்துன தேங்கா ஒரு கிலோவுக்கு மேல இருக்கும். 15 மீட்டர் மரத்துல இருந்து வந்தா, காத்து தடுக்கறத கணக்குல எடுக்காம பாத்தா, கீழ வர்றப்ப மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அந்த வேகத்துல வந்து மோதறது முக்கால் மில்லிமீட்டர் பக்கம் இருக்கற தகடு மேல.

காலைல ஓனரு பாத்துட்டு போட்டோ எடுத்து வெச்சிருக்காரு, காய் பக்கத்துல கெடக்கற மாதிரியே. அது நல்ல வேலை. அதுக்கப்புறம் அவரு பையன் ஏதோ வீடியோ பாத்துட்டு பானட்டு மேல சுடுதண்ணி ஊத்தி சக்ஷன் கப் வெச்சு இழுத்துப் பாத்திருக்கான். பம்பர் பிளாஸ்டிக், சுடுதண்ணில இளகும், பல சமயம் அதுவே பழைய ஷேப்புக்கு வரும். இரும்புத் தகடுக்கு அந்தக் கதை இல்ல. இங்க பெருசா கெடுதல் ஒண்ணும் ஆகல, ஆனா கப்ப வெச்சு நடுவுல மட்டும் வேகமா இழுத்தா குழி நடுவுல ஒரு மேடு வந்து நின்னுக்கும், அப்பறம் அதை இறக்கறது குழி எடுக்கறத விட கஷ்டம்.

கோயமுத்தூர்ல நான் இருக்கற பட்டறைக்கு வண்டி வந்தது அதுக்கு ரெண்டாவது நாள். அதுக்கு முன்னாடியே ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் வாங்கிட்டுதான் வந்தாரு. ஒரு பழைய டிங்கர் மாஸ்டர் கிட்டயும் காட்டியிருக்காரு.

வந்த அன்னைக்கு பாத்தது

முதல்ல வண்டிய நல்லா கழுவி தொடைச்சோம். தூசி இருந்தா குழியோட ஓரம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அப்பறம் கோடு கோடா எரியற எல்இடி லைட் போர்டை ஒவ்வொரு பேனல் மேலயும் காட்டிப் பாத்தோம். நல்ல தகட்டுல அந்தக் கோடெல்லாம் நேரா, சம இடைவெளில தெரியும். குழியோ மேடோ இருக்கற எடத்துல கோடு வளைஞ்சு, இடைவெளி மாறித் தெரியும். சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்கு தெரியறது பாதிதான், லைட் போர்டு வெச்சாதான் மிச்சம் தெரியும்.

பானட்டுல இடது பக்கம் நடுவுல 22 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு குழி, ஆழம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பாக்கவே பகீர்னு இருந்துச்சு. ஆனா கிட்ட போயி பாத்தா ஓரமெல்லாம் வழுவழுன்னு மெதுவா இறங்குது, எங்கயும் மடிப்பு இல்ல, பெயின்ட்ல ஒரு கீறல் கூட இல்ல. காரணம் மட்டை நார்தான். தேங்காயச் சுத்தி இருக்கற நாரு அடியை பரப்பி விட்ருச்சு, தகடு அமுங்குச்சே தவிர இழுபடல. குழியச் சுத்தி குளத்துல கல்லு போட்டா வர்ற வளையம் மாதிரி ஒரு மேடு எழும்பியிருந்துச்சு, அது இந்த மாதிரி அடில எப்பவும் வரும்.

ரெண்டாவது காய் ரூஃப்ல, இடது பின் கதவுக்கு மேல ஓரத்துல. ஏழு சென்டிமீட்டர் கூட இல்ல, தூரத்துல இருந்து பாத்தா இருக்கறதே தெரியாது. ஆனா இதோட ஒரு முனை ரூஃப் ஓரத்துல தகடு வளைஞ்சு இறங்கற எடத்துல போயி உக்காந்திருந்துச்சு, அந்த எடத்துல உள்ள ரெண்டு தகடு சேந்து பெட்டி மாதிரி இருக்கும், குழிய பின்னாடி இருந்து தள்ள கம்பி நுழைக்க வழியே கெடையாது. அந்த முனைல சின்னதா கூர்மையா ஒரு பள்ளம். பெயின்ட் முழுசா இருந்துச்சு.

மூணாவது இடது முன் ஃபெண்டர். இதுல உளுந்தது காய் இல்ல, மட்டையோட அடிப்பக்கம். அந்த கொண்டை எவ்ளோ கெட்டின்னு தெரியும், ஓரம் வேற கூரா இருக்கும். சக்கரத்துக்கு மேல இருக்கற ஆர்ச்ச குறுக்க 14 சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பு, ஆர்ச்சோட உள்மடிப்பு நசுங்கி, அந்த கோட்டு மேல பெயின்ட் வெடிச்சு அடில பிரைமர் தெரிஞ்சுது. நகத்தை வெச்சு லேசா தொட்டா சில்லு பேந்து வந்துச்சு.

இது போக வலது பின் கதவுல ஒரு பழைய குழி, ஏதோ பார்க்கிங்ல பக்கத்து வண்டி கதவு பட்டது. "இதையும் அப்படியே சேத்தி எடுத்துருங்க தம்பி"ன்னு ஓனரு சொன்னாரு.

அப்பறம் பெயின்ட் கனம் பாக்கற மீட்டர். பானட்டு, ரூஃப், ஃபெண்டர் மூணும் 100லிருந்து 115 மைக்ரான்குள்ள வந்துச்சு, அதாவது கம்பெனில அடிச்ச பெயின்ட் அப்படியே இருக்கு. வலது பின் கதவுல மட்டும் 400 தாண்டி காட்டுச்சு. கேட்டப்பதான் ஓனருக்கு ஞாபகம் வந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி கேட்ல உரசி வெளிய ஒரு எடத்துல பட்டி (குழிய ரொப்பற பூச்சு) பாத்து பெயின்ட் அடிச்சது. இந்த மீட்டர் வெக்காம பிடிஆர் (பெயின்ட் போகாம குழி எடுக்கறது) வேலைல கை வெக்கவே கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இந்தக் கதவே போதும். அடில பட்டி இருந்தா பின்னாடி இருந்து தள்ளுனதும் தகடு வளையும், பட்டி வளையாது, மொத்தமா பேந்துக்கும்.

கைல இருந்த மூணு வழி

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்ல பானட்டு புதுசு, ஃபெண்டர் புதுசு, ரூஃப் டிங்கரிங் பண்ணி முழு ரூஃபும் பெயின்ட், சில்லறை சாமான் எல்லாம் சேத்து 42,500 ரூபா, இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. டிங்கர் மாஸ்டர் எதையும் மாத்த வேண்டாம், மூணையும் தட்டி எடுத்து பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு 18 ஆயிரத்துல முடிச்சுத்தர்றேன்னு சொன்னாரு. மூணாவது வழி நாங்க சொன்னது, பானட்டும் ரூஃபும் பிடிஆர், ஃபெண்டர் மட்டும் புதுசு, 21 ஆயிரம்.

ஓனருக்கு ஆச்சரியம். "ஏனுங் தம்பி, பானட்டுல இவ்ளோ பெரிய குழி உளுந்திருக்குது, அதைய பெயின்ட் இல்லாம எடுக்கறேங்கறீங்க, இந்த ஃபெண்டர்ல ஒரு கோடு, அதைய மாத்தோணுங்கறீங்க?"

இந்தக் கேள்விதான் இந்த கேஸ்ல முக்கியமானது, வர்றவங்க பெரும்பாலும் இதையேதான் கேப்பாங்க. குழி எவ்ளோ பெருசுங்கறது பிடிஆர்க்கு பெரிய விஷயமே இல்ல. தகடு எவ்ளோ இழுபட்டிருக்கு, பெயின்ட் உடைஞ்சிருக்கா, பின்னாடி கை போகுதா, அந்த பேனல் போல்ட்ல நிக்குதா வெல்டிங்ல நிக்குதா, இந்த நாலுதான் பாக்கணும். அமுங்குன தகடு பழைய வடிவத்துக்கு திரும்பப் பாக்கும், அதுக்கு நாம வழி விட்டா போதும். கூரா மடிஞ்ச தகடு அந்த கோட்டுல நீண்டு போயிருக்கும், நீண்ட இரும்ப எங்க கொண்டு போயி வெக்கறது?

பானட்டு, கதவு, முன் ஃபெண்டர், டிக்கி இதெல்லாம் போல்ட் கழட்டினா வந்துரும். ரூஃபும் பின் குவார்ட்டர் பேனலும் பாடியோட சேத்து கம்பெனிலயே வெல்டிங் பண்ணது. அதை மாத்தணும்னா அறுக்கணும், திரும்ப வெல்டிங் அடிக்கணும், உள்ள கம்பெனில போட்ட சீலன்ட்டும் துருப்பிடிக்காம இருக்கற மெழுகும் அந்த எடத்துல போயிரும். ரூஃப்ல இந்த சைஸ் அடிக்கு யாரும் மாத்தச் சொல்ல மாட்டாங்க, இங்கயும் சொல்லல. ஆனா முழு ரூஃபுக்கும் பெயின்ட்னா அதுவும் சின்ன விஷயம் இல்ல, கண்ணாடி பீடிங் எல்லாம் கழட்டணும், ரெண்டு பக்கம் பில்லர்ல கலரை எங்க கொண்டு போயி முடிக்கறதுன்னு ஒரு தலைவலி, வெயில் நேரா படற எடம் வேற.

இன்சூரன்ஸ் கணக்கு

தோப்புக்காரர் கணக்குல கெட்டி, உக்காந்து போட்டுப் பாத்தோம். இதை கொஞ்சம் விரிவா எழுதறேன், நெறைய பேரு இந்த எடத்துல யோசிக்காம கிளைம் போட்டுடறாங்க.

அவருகிட்ட ஜீரோ டெப் கவர் (தேய்மானம் பிடிக்காம கிளைம் குடுக்கற கவர்) இல்ல. வண்டி நாலு வருஷம் தாண்டி அஞ்சு முடியல, அதனால மாத்தற இரும்பு பார்ட்ஸ்ல தேய்மானம் 35 சதவீதம் பிடிப்பாங்க. பானட்டும் ஃபெண்டரும் பார்ட்ஸ் விலை மட்டும் 12,500, அதுல 4,375 இவரு கைல இருந்து. பெயின்டிங் பில் மொத்தமா போட்டிருந்தா அதுல கால்வாசியை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதி பிடிப்பாங்க, 24 ஆயிரம் பெயின்டிங்க்கு 3,000. பிளாஸ்டிக், ரப்பர் ஐட்டத்துல பாதி, அது ஒரு ஆயிரம். 1500 சிசிக்குள்ள இருக்கற காருக்கு கட்டாயமா நாம கட்ட வேண்டிய பங்கு 1,000. ஆக 42,500 பில்லுல இவரு கட்ட வேண்டியது 9,400 பக்கம். இதுவரைக்கும் பாத்தா கிளைம்தான் லாபம் மாதிரி தெரியும்.

ஆனா என்சிபி இருக்கே, கிளைம் போடாத வருஷத்துக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி. நாலு வருஷம் கிளைம் போடாததால இவருக்கு 45 சதவீதம் தள்ளுபடி ஓடிட்டு இருந்துச்சு, அடுத்த ரினீவல்ல 50. கிளைம் போட்டா அடுத்த வருஷம் 0, அப்பறம் வருஷா வருஷம் கிளைம் இல்லாம இருந்தா 20, 25, 35, 45னு ஏறி, திரும்ப 50க்கு வர்றதுக்குள்ள ஒவ்வொரு வருஷமும் இழக்கறது 50, 30, 25, 15, 5. கூட்டினா 125 சதவீதம். அதாவது தள்ளுபடிக்கு முன்னாடி இருக்கற ஓன் டேமேஜ் பிரீமியம் (நம்ம வண்டிக்கு படற அடிக்காக கட்டற பங்கு) மாதிரி ஒண்ணேகால் மடங்கு பணம் அஞ்சு வருஷத்துல போயிரும். இவரு பிரீமியம் அந்தக் கணக்குல 10,000 பக்கம், ஆக 12,500. வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், அதனால இது கொஞ்சம் கூடுதலா போட்ட கணக்குதான், இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

9,400ம் 12,500ம் சேந்தா 21,900. நாங்க சொன்னது 21,000. கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணு. அதே வருஷத்துல வேற பெரிய அடி பட்டு கிளைம் போட வேண்டி வந்தா என்சிபி எப்படியும் போயிரும், இப்ப கைக்காசு போட்டது வீணா தெரியும்னும் அவருகிட்ட சொன்னோம். ஜீரோ டெப்பும், கிளைம் போட்டாலும் என்சிபி போகாம காக்கற புரொடக்ட் கவரும் இருந்திருந்தா இந்தக் கணக்கே தலைகீழா மாறியிருக்கும், அப்ப கிளைம் போடுங்கன்னுதான் நானே சொல்லியிருப்பேன்.

பணம் சமமா வந்ததால முடிவு வேற காரணத்துல நின்னுச்சு. வண்டிய இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்தற எண்ணம் அவருக்கு இருந்துச்சு. பழைய வண்டி வாங்க வர்றவங்க பானட்டு கீல் போல்ட்டுல ஸ்பேனர் பட்டிருக்கான்னு முதல்ல பாப்பாங்க. பானட்டு மாத்தியிருக்குன்னு தெரிஞ்சா முன்னாடி பெரிய ஆக்சிடென்ட்னுதான் நெனைப்பாங்க, தேங்கா உளுந்துச்சுன்னா யாரு நம்புவாங்க. ரூஃப்ல பெயின்ட் அடிச்சிருந்தா வண்டி உருண்டுச்சான்னு கேப்பாங்க.

ஒவ்வொரு பேனலுக்கும் எடுத்த முடிவு

பானட்டு பிடிஆர். இதுல யாருக்கும் ரெண்டாவது கருத்து இல்ல.

ரூஃப் பிடிஆர், ஆனா முழுசா வரும்னு சொல்லல. ஓரத்துல இருக்கற கூர் பள்ளம் கொஞ்சம் மிச்சம் நிக்கும், அதை விரட்டிப் போனா கிளியர் கோட் (கலருக்கு மேல இருக்கற பளபளப்பு பூச்சு) வெடிக்கும், வெடிச்சா முழு ரூஃப் பெயின்ட்ல போயி நிக்கும்னு முன்னாடியே சொல்லி எழுதி கையெழுத்து வாங்கினோம்.

ஃபெண்டர் புதுசு. டிங்கர் மாஸ்டர் சொன்ன மாதிரி தட்டி எடுக்க முடியாதான்னா முடியும், அவரு கை சுத்தமான கைதான். ஆனா ஆர்ச்சோட உள்மடிப்புல பெயின்ட் வெடிச்சு பிரைமர் வரைக்கும் தெரியுது, டயர் வீசற கல்லும் சேறும் அங்கதான் அடிக்கும், அந்த எடத்துல பட்டி போட்டா ரெண்டு மழைக்குள்ள ஓரம் பொரிய ஆரம்பிக்கும். புது ஃபெண்டர் விலை 3,500, போல்ட்ல நிக்கற சாமான், பாடில எதையும் அறுக்க வேண்டியதில்ல. இவ்ளோ சுலபமா மாத்தற பேனலை உழைச்சு காப்பாத்தறதுல அர்த்தம் இல்ல.

வலது பின் கதவு, வேலை எடுக்கல. பட்டிக்கு மேல பிடிஆர் பண்ண மாட்டோம்னு சொல்லிட்டோம். அவரும் அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாரு.

வேலை நடந்த விதம்

பானட்டுல பாதி வேலை குழிய தொடாமயே நடந்துச்சு. சுத்தி இருக்கற மேட்டை முதல்ல நைலான் முனை வெச்சு சின்ன சுத்தியால மெதுவா இறக்கணும், அந்த மேடுதான் குழிய அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கும். ஹீட் கன்ல லேசா சூடு காட்டுவோம், கை வெச்சா பொறுக்கற சூடு, தகடு இளகறதுக்கு இல்ல, பெயின்ட் வெறப்பா இல்லாம வளைஞ்சு குடுக்கறதுக்கு. ஓரத்தை கொஞ்சம் இறக்கி, உள் ஃபிரேம்ல இருக்கற ஓட்டை வழியா கம்பிய விட்டு குழிய வெளி ஓரத்துல இருந்து கொஞ்சம் ஏத்தி, திரும்ப மேட்டை இறக்கி, இப்படியே மாத்தி மாத்தி. கம்பி முனை தகட்டுல எங்க படுதுன்னு கையால தெரியாது, லைட் கோட்டுல ஒரு புள்ளி நெளியும், அதைப் பாத்துதான் தள்ளணும். நடுவுல நேரா ஒரே தள்ளு தள்ளுனா வெளிய ஊசி முனை மாதிரி தெறிச்சு நிக்கும்.

குழியோட ஒரு ஓரம் உள் ஃபிரேமோட விட்டத்துக்கு நேரா வந்துச்சு, அங்க கம்பி போகல. அங்க மட்டும் சின்ன பிளாஸ்டிக் பிடிய குளூல ஒட்டி மேல இருந்து இழுத்தோம். ஆடிக் காத்து ஜில்லுன்னு இருந்ததால குளூ சீக்கிரம் இறுகி பட்டுன்னு பேந்துட்டே இருந்துச்சு, தகட்ட கொஞ்சம் சூடாக்கி வெச்சப்பதான் பிடிச்சுது. ஒட்டுன குளூவ எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரத்துல விட்டா தானா விட்டுக்கும், நகத்தால சொரண்டக் கூடாது.

இந்த வேலைல இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. பானட்டு வெளித் தகட்டுக்கும் உள் ஃபிரேமுக்கும் நடுவுல கம்பெனில வெக்கற பசை அடி பட்ட எடத்துல விட்டிருந்துச்சு. அதை அப்படியே விட்டா ரோட்டுல ஓடறப்ப பானட்டு அதிரும், கட்டை விரல்ல அமுக்கினா டப் டப்னு சத்தம் வரும். குழி எடுத்து முடிச்சதும் அந்த எடத்துல பேனல் பசை வெச்சு ராத்திரி முழுக்க அப்படியே காய விட்டோம்.

ரூஃபுக்கு உள்லைனிங்க இறக்கணும். மேல இருக்கற கைப்பிடி, சன் வைசர், உள் லைட், பில்லர் கவர் எல்லாம் கழட்டி பின்பக்கமா லைனிங்க தாழ்த்துனோம், முழுசா வெளிய எடுக்கல, எடுத்தா மடிப்பு விழுந்துரும். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் இருக்கற வண்டில இந்த எடத்துலதான் அது சுருட்டி வெச்சிருக்கும், கம்பிய கண்ட பக்கம் விடக் கூடாது. இந்த வண்டில முன்னாடி ரெண்டு ஏர்பேக் மட்டும்தான், அதனால அந்தக் கவலை இல்ல. குழியோட அகலமான பாதி கம்பில நல்லா வந்துச்சு. ரெட்டைத் தகடு இருக்கற முனைல குளூல இழுத்து இழுத்து கடைசில ஒரு செ.மீ.க்கும் குறைவா ஒரு பள்ளம் நின்னுச்சு. லைட்ட கிட்ட பிடிச்சுப் பாத்தப்ப அந்தப் பள்ளத்தோட ஓரத்துல கிளியர் கோட் பளபளப்பு லேசா மங்குன மாதிரி இருந்துச்சு. விரிசல் இல்ல, விரிசலுக்கு முன்னாடி வர்ற அறிகுறி.

அங்க நிறுத்திட்டு ஓனருக்கு போன் பண்ணி வரச்சொன்னோம். "ங்கண்ணா, இதுக்கு மேல இழுத்தா வந்தாலும் வரும், பெயின்ட் வெடிச்சாலும் வெடிக்கும், நீங்க சொல்லுங்க"ன்னு எங்க பட்டறைப் பையன் காட்டுனான். அவரு ஸ்டூல் மேல ஏறி தடவிப் பாத்துட்டு, "இது ஆரு கண்ணுக்கு தெரியப்போகுது, விட்டுருங்க"ன்னு சொல்லிட்டாரு.

ஃபெண்டர்ல வேலை வேற மாதிரி. புது ஃபெண்டர் கருப்பு பிரைமரோட வரும், அதை லேசா தேச்சு, உள்பக்கமும் ஓரமும் முதல்ல அடிச்சு, வண்டில மாட்டறதுக்கு முன்னாடியே பூத்துல பெயின்ட் பண்ணோம். சில்வர்தான் மேட்ச் பண்ண கஷ்டமான கலர், ஸ்டிக்கர்ல இருக்கற கோடு நம்பர் வெச்சு கலந்தா மட்டும் பத்தாது, உள்ள இருக்கற அலுமினியத் துகள் எப்படி படுத்திருக்குங்கறத வெச்சு ஒரே பெயின்ட் வேற வேற மாதிரி தெரியும். துப்பாக்கில காத்து கூடுனா ஒரு மாதிரி, ஈரமா விழுந்தா ஒரு மாதிரி. மூணு அட்டைல அடிச்சு காயவெச்சு வண்டி கதவு மேல வெச்சுப் பாத்து ஒண்ணை எடுத்தோம்.

இந்த எடத்துல ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்துச்சு. சில்வர்ல பக்கத்து கதவு வரைக்கும் கலரை மங்க விட்டு அடிச்சா ஜாயின்ட் தெரியாது, பட்டறைல பொதுவா அப்படித்தான் பண்ணுவோம். ஆனா அப்படி அடிச்சா கம்பெனி பெயின்ட்ல இருக்கற கதவு மேலயும் நம்ம கிளியர் ஏறிடும், மீட்டர்ல கதவும் ரீபெயின்ட்னு காட்டும். ஓனரு கதவ தொட வேண்டாம்னுட்டாரு. அதனால ஃபெண்டர் மட்டும் அடிச்சு மாட்டினோம். மாட்டுனப்பறம் ஆர்ச் உள்மடிப்புல துருத் தடுப்பு மெழுகு அடிச்சோம்.

டெலிவரி எடுத்தப்ப

பானட்டு சாதாரண வெளிச்சத்துல எங்க குழி இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. லைட் போர்டு வெச்சு தேடினா ஒரு எடத்துல பெயின்ட்டோட சொரசொரப்பு லேசா மாறியிருக்கறது தெரியும், அதை அவருகிட்ட காட்டியே குடுத்தோம். ஃபெண்டர் நடு மத்தியானத்துல சரியா சேந்துச்சு. சாயங்காலம் வெயில் சாய்வா விழறப்ப கதவை விட ஒரு பொடி கருப்பா தெரிஞ்சுது. அவரு தலைய ஒரு பக்கம் சாச்சு ரெண்டு நிமிசம் பாத்தாரு, "தெரியுதுங்க, ஆனா பரவால்ல, கதவு பெயின்ட் பொழச்சுதல்ல"ன்னு சொன்னாரு.

அதுக்கப்புறம் நடந்தது

ரெண்டு மாசம் கழிச்சு மேல லைனிங்ல இருந்து கிலுகிலுன்னு சத்தம் வருதுன்னு வந்தாரு. பில்லர் கவரோட ஒரு கிளிப் சரியா உக்காரல, புது கிளிப் போட்டதும் நின்னுச்சு. ஐப்பசி மழை முழுக்க ஓடியும் ரூஃப்ல ஒழுகல. பானட்டு குழி திரும்ப அமுங்கல, பசை வெச்ச எடம் கெட்டியா இருந்துச்சு.

அடுத்த வருஷம் பங்குனில வண்டிய வித்தாரு. வாங்க வந்த ஆளு மீட்டரோட வந்திருக்காரு. பானட்டும் ரூஃபும் கம்பெனி பெயின்ட்னு எழுதிட்டாரு, ரூஃப் ஓரத்துல விரல வெச்சு தடவி அந்த மிச்சப் பள்ளத்தையும் கண்டுபிடிச்சு சின்ன டென்ட்னு குறிச்சிருக்காரு. இடது ஃபெண்டர் மாத்துனதுன்னு போல்ட்ட பாத்தே சொல்லிட்டாரு, ஓனரு அன்னைக்கு எடுத்த போட்டோவ காட்டினதும் அதுல மேல கேள்வி கேக்கல. அவரு விலைய குறைச்சுப் பேசுனது வலது பின் கதவ வெச்சுதான், 400 மைக்ரான் காட்டுன அதே கதவு.

இப்ப மாத்திக்கிட்டது

பிடிஆர் பண்ணலாமா மாத்தலாமாங்கற முடிவுல இன்னைக்கு இந்த வண்டி வந்தாலும் எதையும் மாத்த மாட்டேன். ஆனா வேலை பண்ற முறைல சிலது மாறிருச்சு.

சில்வர், கிரே மாதிரி கலர்ல கலர் அட்டைய இப்ப ரெண்டு வேளை காட்டறோம், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் சாய்வு வெயில்ல ஒரு தடவை. பக்கத்து பேனலுக்கு கலரை மங்க விடறதா வேண்டாமாங்கறத அந்த சாயங்கால அட்டைய பாத்துட்டுதான் ஓனர் முடிவு பண்ணணும். இந்த கேஸ்ல அவரு அதே முடிவுதான் எடுத்திருப்பாரு, இருந்தாலும் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டு எடுக்கறது அவரோட உரிமை.

லைனிங் இறக்கற வேலைன்னா கிளிப் செட்டு புதுசா வாங்கி எஸ்டிமேட்லயே சேத்துடறோம். நாலு வருஷ வெயில் வாங்குன பிளாஸ்டிக் கிளிப்ப திரும்ப மாட்டினா ஒண்ணு ரெண்டு எப்படியும் பிடிக்காது.

எஸ்டிமேட் தாள்ல ஒவ்வொரு பேனலுக்கும் மைக்ரான் அளவும் எழுதறோம், வேலை செய்யப் போற பேனல் மட்டும் இல்ல, வண்டி முழுக்க. விக்கறப்ப ஓனருக்கு அது கைல இருக்கற ஆதாரம், எங்களுக்கும் எந்த பெயின்ட் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு தெளிவா இருக்கும். பானட்டுல அடின்னு வந்தா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கட்டை விரல்ல அமுக்கி உள் பசை விட்டிருக்கான்னு பாத்து அதையும் அந்தத் தாள்லயே எழுதிடறோம், குழி எடுத்து முடிச்சப்பறம் புதுசா ஒரு செலவு சொன்னா யாருக்கும் பிடிக்காது.

கிளைம் போடலாமான்னு கேட்டு வர்றவங்ககிட்ட இப்ப முதல் கேள்வி பாலிசி எங்கங்கறதுதான். ஜீரோ டெப் இருக்கா, என்சிபி எத்தனை சதவீதத்துல நிக்குது, ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி எவ்ளோ, இந்த மூணும் பாலிசி தாள்லயே இருக்கும். அது கைல வந்ததுக்கு அப்பறம்தான் எஸ்டிமேட் பேசறோம்.

ரூஃப்ல கிளியர் கோட் மங்குன எடத்தை கிட்டத்துல போட்டோ எடுத்து வெச்சிருக்கோம், புதுசா வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கு எங்க நிறுத்தணும்னு காட்டறதுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டறோம்.